ஸ்பானிஷ் கற்க கொலம்பியாவின் பொகோட்டாவா, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸா?

ஒலி:
பொகோட்டா – ‘ஸ்’ எங்கு வந்தாலும் முழுசாகக் கேட்கும். தெரு ‘காயே’, மழை ‘யூவியா’.
புவெனஸ் ஐரிஸ் – அதே சொற்கள் ‘காஷெ’, ‘ஷூவியா’. மெய்க்கு முன்னால் ‘ஸ்’ தேய்ந்து மூச்சாகிவிடும்: ஈ (பூச்சி), ‘மோஸ்கா’ அல்ல, ‘மோஹ்கா’. புதிதாகக் கற்பவர் தடுமாறுவது இங்கேதான்.

நீ, நீங்கள்:
பொகோட்டா – ‘உஸ்தெத்’ மரியாதைச் சொல்தான். ஆனால் நண்பர்கள், அண்ணன் தம்பிகூட அதையே சொல்வார்கள். நம் ‘நீங்கள்’ கணக்கு அப்படியே பொருந்தாது.
புவெனஸ் ஐரிஸ் – ‘நீ வைத்திருக்கிறாய்’ என்பதற்கு ‘து தியேனெஸ்’ கிடையாது, ‘வோஸ் தெனேஸ்’ (‘து’, ‘வோஸ்’ இரண்டும் ‘நீ’தான்). அழுத்தம் கடைசி அசைக்கு நகரும். பல பாடநூல்களில் இது ஓர் அடிக்குறிப்போடு சரி.

சொல்:
பொகோட்டாவில் பஸ் பிடிக்க ‘கொஹேர்’ எனலாம். புவெனஸ் ஐரிஸில் அது கெட்ட வார்த்தை. ‘தொமார்’ என்றே சொல்லுங்கள். வெண்ணெய்ப்பழம் முன்னதில் ‘அகுவகாத்தே’, பின்னதில் ‘பால்தா’.

அடிப்படையிலிருந்து தொடங்குபவருக்கும் பல நாடுகளில் பேச வேண்டியவருக்கும் பொகோட்டா. (2,600 மீட்டர் உயரம், முதல் சில நாள் மாடிப்படி மூச்சு வாங்கும்.) இலக்கணம் ஓரளவு கைவந்து, அர்ஜென்டினாவிலோ உருகுவேயிலோ வேலை என்றால் புவெனஸ் ஐரிஸ். டெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வில் இரண்டு பேச்சும் செல்லும். ஒரே விடைத்தாளில் ‘து’வையும் ‘வோஸ்’ஸையும் கலக்காதீர்கள்.