விலையே அறிவிக்கப்படாத கேமுக்கு முற்பணம் கட்டாதீர்கள்

பம்பலப்பிட்டியில் காலி வீதியோரமாக உள்ள ஒரு வீடியோ கேம் கடையில், கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 6 இறுவட்டுக்காக 2025 ஜனவரியில் 15,000 ரூபாய் முற்பணம் கட்டி ஏமாந்தோம். அது என் பெறாமகன் ஒரு வருடமாகச் சேர்த்த காசு.

"அண்ணா, கொம்பனியில் எங்களுக்கு ஆள் இருக்கிறது, இப்போது பதிந்தால்தான் முதல் நாளே கைக்கு வரும்" என்று கடைக்காரர் சொன்னபோது, சுவரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையின் முகத்துக்காக நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பற்றுச்சீட்டை வீட்டில்தான் நிதானமாகப் பார்த்தேன். நீல மையில் "ப்ரீ ஓடர், 2025" என்று எழுதி, மொத்த விலைக்குரிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்து, அடியில் "முற்பணம் மீளளிக்கப்படமாட்டாது" என்று முத்திரை குத்தியிருந்தார்.

அந்தக் கட்டத்தில் எழுத அவரிடம் எதுவும் இருக்கவில்லை. 2023 டிசம்பரில் ஒன்றரை நிமிட ட்ரெய்லர் ஒன்றை வெளியிட்டு 2025 என்ற ஆண்டை மட்டும் சொன்ன, இந்தக் கேமை உருவாக்கும் ரொக்ஸ்டார் நிறுவனம், நாங்கள் பணம் கட்டிய நாளில் விலையையும் அறிவித்திருக்கவில்லை, முன்பதிவையும் தொடங்கியிருக்கவில்லை. நிறுவனம் வாய் திறக்காத மாதங்களில் இணையத்தில் பெருகிய ஊகங்களைத்தான் உள்ளிருந்து வந்த தகவல் என்று கடைக்காரர் எங்களிடம் காசாக்கினார்.

2025 மே மாதத்தில் வெளியீடு 2026 மே 26க்குத் தள்ளிப்போனது. காசைக் கேட்டேன், பொறுக்கச் சொன்னார். நவம்பரில் அது மறுபடியும் 2026 நவம்பர் 19க்குத் தள்ளிப்போனபோது, காசாகத் தர முடியாது, வேண்டுமானால் பழைய இறுவட்டுகளில் எதையாவது எடுத்துப்போங்கள் என்றார்.

ஒரு கேமை அறிவித்துவிட்டார்கள் என்பதால் அது விரைவில் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. நின்டென்டோ 2017 ஜூனில் வெறும் பெயர்ச்சின்னத்தைக் காட்டி அறிவித்த மெட்ரொய்ட் பிரைம் 4 என்ற கேம், 2019 ஜனவரியில் முதலிலிருந்து மீண்டும் தொடங்கப்பட்டு, 2025 டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. முற்பணம் வாங்கும் எந்தக் கடையிலும் முழு விலையையும், வெளியீடு தள்ளிப்போனால் காசு திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன். அதே கடையில் பணம் கட்டியவர்கள் வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள். முக்கியமாக, மூலப் பற்றுச்சீட்டைக் கடைக்காரரின் கையில் கொடுத்துவிடாதீர்கள்; கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லி என்னிடமும் அதை இரண்டு முறை கேட்டார்.