தண்டை நீட்டுவது ஆக்சினா, ஜிப்பரெல்லினா?

இரண்டும் செடியின் வளர்ச்சி ஹார்மோன்கள். இந்தக் கேள்விக்கு ‘இரண்டும்தான்’ என்பது வழக்கமான பதில். தப்பில்லை. ஆனால் செடியின் உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு ஜிப்பரெல்லினுக்கே.

செல்லுக்குள் இரண்டின் வேலைமுறையும் ஏறக்குறைய ஒன்று. வளர்ச்சிக்கான மரபணுக்களை இயங்கவிடாமல் சில புரதங்கள் தடுத்து வைத்திருக்கும். ஹார்மோன் வந்ததும் அந்தப் புரதங்கள் அழிக்கப்படும், மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். ஆக்சின், டிஐஆர்1 என்ற ஏற்பிக்கும் (ஹார்மோனை இனங்கண்டு பிடிக்கும் புரதம்) தடைப் புரதத்துக்கும் நடுவே பசைபோல் அமர்ந்து இரண்டையும் சேர்த்துவிடும். ஜிப்பரெல்லின் உள்ளே நுழைந்ததும் ஜிஐடி1 என்ற ஏற்பி வடிவம் மாறி, டெல்லா எனப்படும் தடைப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். ஏற்பி இரண்டும் வேறு. பிடிபட்ட புரதத்தின் கதி ஒன்றே.

வேகத்தில் ஆக்சின் முந்தும். வெட்டியெடுத்த தண்டுத் துண்டில் ஆக்சின் பட்டால் சுமார் 10 நிமிடத்தில் நீட்சி தெரியும். செல்சுவர் அமிலமாகி இளகுவதுதான் காரணம். ஜிப்பரெல்லினுக்கு, வெள்ளத்தில் வேகமாக நீளும் ஆழ்நீர் நெல்லில்கூட 40 நிமிடம் வேண்டும். ஆனால் வெட்டாத முழுச் செடிக்கு வெளியிலிருந்து ஆக்சின் கொடுத்தால் உயரம் பெரிதாகக் கூடாது, அதனிடம் ஏற்கெனவே போதுமான ஆக்சின் இருப்பதால். குட்டைப் பட்டாணிச் செடிக்கு ஜிப்பரெல்லின் கொடுத்துப் பாருங்கள், கணுவிடைகள் (இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள தண்டுப் பகுதிகள்) சரசரவென நீளும்.

அப்புறம், வடிவம் என்று வந்தால் ஆக்சினை விட்டால் ஆளில்லை. ஒளியை நோக்கி வளைவதும், நுனி மொட்டு பக்க மொட்டுகளை அடக்குவதும் அதன் வேலை. பின்னதில் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோன் துணை நிற்கும், சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் எதிர்த்து நிற்கும்.

உயரத்துக்கு என் சாட்சி பசுமைப் புரட்சியின் குட்டைப் பயிர்கள். 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல்லில் ஜிப்பரெல்லின் தயாரிக்கும் ஒரு நொதி பழுது. குட்டைக் கோதுமையில் ஹார்மோனுக்குக் குறையில்லை, டெல்லாவே மாறிப்போய் அழிய மறுக்கிறது. இரண்டின் மேலும் ஜிப்பரெல்லின் தெளித்தால் நெல் உயர்ந்துவிடும்; கோதுமை அசையாது.