டர்போ வென்டிலேட்டர் ஒழுகல்: சிலிக்கானா, அடித்தகடா?

மாடி ஷீட் கூரையில் காற்றில் சுழன்று சூட்டை வெளியேற்றும் டர்போ வென்டிலேட்டரைச் சுற்றி ஒழுகினால் உடனே சிலிக்கான் டியூப் வாங்கத்தான் தோன்றும். அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. ஆனால் வெயிலில் ஷீட் விரிந்து சுருங்க, சிலிக்கான் பூச்சு ஓரத்தில் விட்டுப்போகும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானோ ஷீட்டின் துத்தநாகப் பூச்சையே அரிக்கும். அந்த வாடை இல்லாத நியூட்ரல் வகை கேட்டு வாங்க வேண்டும். ஊசித் துளைக்கு அது போதும்.

வென்டிலேட்டர் உட்காரும் அடித்தகட்டைக் கழற்றிச் சரியாக மாட்ட ஆள் கூலி ஆகும். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. தகட்டின் மேல் ஓரம் முகட்டுப் பக்க ஷீட்டுக்கு அடியில் நுழைந்திருக்க வேண்டும். ஷீட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தால் வழிந்து வரும் மழைநீர் அந்த இடுக்கில்தான் புகும். எத்தனை டியூப் பிதுக்கினாலும் அது மாறாது. அப்புறம், கழற்றும்போதே வெடித்துப்போன ரப்பர் வாஷர்களையும் மாற்றிவிடலாம்.