காத்திருக்கச் சொல்லும் பள்ளி: ஸ்டைனர் கல்வியில் எங்கள் இரு பிள்ளைகள்

எங்கள் பிள்ளைகள் இருவரும் ஸ்டைனர் பள்ளியில் படித்தவர்கள். மூத்தவள் மழலையர் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடியும்வரை அங்கேயே இருந்தாள். இளையவனை நான்காம் வகுப்போடு வேறு பள்ளிக்கு மாற்றினோம். இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே முறைதான். அவளை அது மலர வைத்தது, அவனுக்குப் பாதியிலேயே போதாமல் போனது. வால்டார்ஃப் பள்ளி என்றும் அழைக்கப்படும் இந்த முறையில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1919இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் முதலாளி எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி வேண்டும் என்று ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனரிடம் கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் முதல் பள்ளி. இன்று உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்த முறையில் நடக்கின்றன. குழந்தையின் வளர்ச்சியை ஏழேழு ஆண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பது ஸ்டைனரின் அடிப்படைக் கருத்து. முதல் ஏழு ஆண்டுகளில் குழந்தை பார்த்துச் செய்தும் விளையாடியும் கற்கிறது, அடுத்த ஏழில் உணர்வும் கற்பனையும் வழியாகக் கற்கிறது, அதற்குப் பிறகே தர்க்கச் சிந்தனைக்கு முதலிடம் என்பார். எதற்கும் அவசரப்படாத இந்தப் பள்ளிகளின் இயல்பு இங்கிருந்துதான் வருகிறது.

மழலையர் வகுப்பில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. மரக்கட்டை, துணி, கிளிஞ்சல் இவையே விளையாட்டுப் பொருள்கள். பொம்மைக்குக்கூட முகம் முழுதாக இருக்காது. சிரிப்பையும் அழுகையையும் குழந்தையே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். ஒரே கதையை ஆசிரியர் நாள்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்வார். வெளியிலிருந்து பார்க்கும் உறவினர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்காகத்தான் தெரியும். ஆனால் நீளமான கதையைப் பொறுமையாகக் கேட்டு, அதே வரிசையில் திருப்பிச் சொல்லும் பழக்கம் இரண்டு பிள்ளைகளுக்குமே அங்கேதான் வந்தது. பின்னாளில் பெரிய பாடங்களை மனதில் வாங்கிக்கொள்ள அந்தப் பழக்கம் எவ்வளவு உதவியது என்பதைக் கண்கூடாகப் பார்த்தோம்.

ஒன்றாம் வகுப்பின் முதல் நாளில் நேர்கோடும் வளைவும் வரைகிறார்கள். எழுத்துகள் படத்திலிருந்து பிறக்கின்றன: கதையில் வரும் மீன் ஓவியமாகி, அந்த ஓவியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி எழுத்தாகிறது. வாய்ப்பாட்டைக் கை தட்டியும் கால் தட்டியும் சொல்கிறார்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் அந்த ஆண்டே அறிமுகமாகின்றன. கூடவே பின்னல் ஊசியும் கையில் வந்துவிடும். ஆணா பெண்ணா என்ற வேறுபாடே கிடையாது, எல்லாரும் பின்னுகிறார்கள். என் மகன் முதலில் பின்னியது ஒரு கோணல்மாணலான சிறு துண்டு. அதைப் பிரித்துத் திரும்பப் பின்ன அவன் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

இந்தக் கல்வியின் உயிர் மெயின் லெசன்தான். காலையில் சுமார் இரண்டு மணி நேரம் ஒரே பாடம், அதுவும் மூன்று நான்கு வாரங்களுக்குத் தொடர்ந்து. பிறகு அதை மூடிவைத்துவிட்டு வேறு பாடத்துக்குப் போவார்கள். பாடப்புத்தகம் கிடையாது. கேட்டதையும் கண்டதையும் பிள்ளைகளே எழுதி, வரைந்து, தங்கள் மெயின் லெசன் புத்தகத்தை உருவாக்குகிறார்கள்.

மகள் ஆறாம் வகுப்பில் படித்த ஒலியியல் பாடத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். ஓர் உலோகத் தகட்டின்மேல் மெல்லிய மணலைத் தூவி, அதன் விளிம்பை வயலின் வில்லால் உரசினார் ஆசிரியர். மணல் நகர்ந்து நகர்ந்து அழகான சமச்சீர் வடிவங்களாக நின்றது. காரணத்தை அன்று அவர் சொல்லவில்லை. பார்த்ததை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். மறுநாள் காலை, ‘நேற்று என்ன நடந்தது?’ என்று கேட்டு, ஒவ்வொருவரும் கவனித்ததை வரிசையாகச் சொல்ல வைத்தார். தகட்டின் அதிராத இடங்களில்தான் மணல் சேர்கிறது என்பதைப் பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். அன்று இரவு வீட்டில் அவள் தட்டாத பாத்திரம் இல்லை. முதலில் நிகழ்வு, ஓர் இரவு இடைவெளி, பிறகு விளக்கம் என்ற இந்த வரிசையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இப்படிக் கற்ற எதையும் அவள் இன்றுவரை மறக்கவில்லை. வாய்ப்பிருந்தால் எல்லாப் பள்ளிகளிலும் அறிவியலை இப்படித்தான் சொல்லித்தர வேண்டும்.

இனி மகன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்பு முடியும்போது அவனுக்கு எழுத்துகள் இன்னும் குழம்பிக்கொண்டிருந்தன. வகுப்பாசிரியரிடம் கேட்டோம். ‘ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு காலம் இருக்கிறது, அவனுக்கும் வரும்’ என்றார். மகளும் தாமதமாகவே வாசித்தவள். எட்டு வயதில் ஒருநாள் திடீரென்று புத்தகமும் கையுமாக உட்கார்ந்துகொண்டாள், அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. ஆகவே ஆசிரியரின் பதில் எங்களுக்குப் பழகிய பதில்தான். மூன்றாம் வகுப்பில் அவனுடைய மெயின் லெசன் புத்தகம் வகுப்பிலேயே அழகான ஒன்று. ஓவியமும் கையெழுத்தும் அப்படி இருக்கும். ஒருநாள் அதில் ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். அவனே எழுதிய வரியை அவனால் வாசிக்க முடியவில்லை. கரும்பலகையில் இருந்ததை ஓவியம்போலப் பார்த்து எழுதியிருக்கிறான்.

இதைத்தான் பெற்றோர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். ஆசிரியர் பலகையில் எழுதுவதைப் பிள்ளைகள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் வகுப்புகளில், வாசிப்புச் சிக்கல் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும். கீழ்வகுப்புகளில் மதிப்பெண்ணும் தேர்வும் இல்லாததால் வேறு வழியிலும் அது தெரியவராது. ஆண்டிறுதி அறிக்கையில் அவனுடைய அன்பைப் பற்றியும் கற்பனையைப் பற்றியும் உருக்கமாக எழுதியிருந்தார்கள். வாசிப்பைப் பற்றி ஒரே ஒரு மென்மையான வரிதான் இருந்தது. வெளியே ஒரு நிபுணரிடம் சோதித்தபோது, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு என்று தெரிந்தது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. அந்தப் பயிற்சி பள்ளியில் இல்லை, அதன் தேவையை உணர்ந்தவர்களும் இல்லை. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இது.

தாமதமாக வாசிக்கத் தொடங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட்டும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கிய ஸ்டைனர் பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. தாமதமாகத் தொடங்கியவர்கள் பதினொரு வயதையொட்டி மற்றவர்களை எட்டிவிட்டார்கள். என் மகள் விஷயத்தில் நடந்ததும் அதுவே. ஆனால் தாமதமாகத் தொடங்கும் குழந்தை வேறு, கற்பித்தும் பிடிபடாமல் தவிக்கும் குழந்தை வேறு. முதல் குழந்தைக்குக் காத்திருப்பது நல்லது. இரண்டாவது குழந்தைக்கு அதே காத்திருப்பு ஆண்டுகளைத் தின்றுவிடும்.

வகுப்பாசிரியர் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ஆசிரியர் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை கூடவே வருவது இந்த முறையின் வழக்கம். மகளின் ஆசிரியர் அவளை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார் என்றே சொல்வேன். பதின்வயதுக் கோபங்களை அவர் கையாண்ட விதம் எங்களுக்கே பாடமாக இருந்தது. ஆனால் எட்டு ஆண்டுகள் என்பது எல்லாருக்கும் வரமாக அமைவதில்லை. மகளுடன் படித்த ஒருவன், தன் கணக்கு பலவீனமானதற்கு ஆசிரியருக்கே கணக்கில் ஆர்வமில்லாததுதான் காரணம் என்று இன்றும் மனம் கசந்து பேசுகிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒருவரே பல பாடங்களை ஏழாம், எட்டாம் வகுப்புவரை தாங்குவது கடினம். இன்னொரு மாணவி, தன் வாழ்க்கையில் பெற்றோருக்கு அடுத்தபடி நம்பிய மனிதர் அந்த ஆசிரியர்தான் என்கிறாள்.

இந்தப் பள்ளிகளுக்குப் பின்னால் ஆந்த்ரோபோசொஃபி என்னும் ஸ்டைனரின் ஆன்மிகத் தத்துவம் இருக்கிறது. மறுபிறவி, கர்மா, மனிதர்களை நான்கு குணங்களாக வகைப்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக நடத்துவதில்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சியில் அது இருக்கிறது. பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் அது கலந்திருக்கிறது. என் மகனை ‘மந்தகுணம் உள்ளவன்’ என்று வகைப்படுத்தி அதற்கேற்ற இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வாசிக்க முடியாமல் ஒதுங்கியிருந்த பிள்ளை அவன். இனங்களைப் பற்றி ஸ்டைனர் எழுதியும் பேசியும் வைத்தவற்றில் ஏற்கவே முடியாத கருத்துகள் உள்ளன. ஜெர்மனியின் வால்டார்ஃப் பள்ளிகள் கூட்டமைப்பு 2007இல் ஸ்டுட்கார்ட் பிரகடனம் வெளியிட்டு, எல்லா வகை இனப்பாகுபாட்டையும் மறுத்தது. பள்ளியில் சேர்க்கும் முன் இதையெல்லாம் வெளிப்படையாகக் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் பள்ளியும் உண்டு, மழுப்பும் பள்ளியும் உண்டு.

டிவி, கைபேசி போன்ற திரைகளைத் தவிர்ப்பதில் பள்ளி கறாராக இருந்தது. வகுப்பில் எல்லா வீடுகளிலும் ஒரே வழக்கம் என்பதால் பிள்ளைகள் அடம்பிடிக்கவில்லை. எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

ஒன்பதாம் வகுப்பில் மகள் வழக்கமான பள்ளிக்குப் போனாள். முதல் சில மாதங்கள் சிரமம்தான். நேரம் வைத்து எழுதும் தேர்வு அவளுக்குப் புதிது. மூன்று மணி நேரத் தாளில் முதல் கேள்விக்கே ஒரு கட்டுரை எழுதிவிட்டு வந்தாள். இயற்கணிதத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்ததால் தனியாகப் பயிற்சி தேவைப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் சமாளித்துவிட்டாள். இப்போது கேட்டால், ‘புதுப் பள்ளியில் எல்லாரும் பதில்களைத் தேடினார்கள், எனக்குக் கேள்வி கேட்கத் தெரிந்திருந்தது’ என்கிறாள். தேர்வு எழுதும் பழக்கத்தை ஏழாம் வகுப்பிலேயே கொஞ்சம் தந்திருக்கலாம் என்பதும் அவள் சொல்வதுதான்.

மகன் புதிய பள்ளியில் தினமும் சிறப்பு ஆசிரியரிடம் பயின்று, மெதுவாக என்றாலும் சொந்தமாக வாசிக்கிறான். பழைய பள்ளியில் கற்ற மரவேலையையும் ஓவியத்தையும் அவன் விடவில்லை.

சேர்க்கப் போகிறவர்கள் பள்ளியின் அழகான வகுப்பறைகளைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு வரப்போகும் வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். மேல்வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே எழுதிய பக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள், பார்த்து எழுதியவற்றை அல்ல. வாசிப்பில் தடுமாறும் பிள்ளையை எந்த வகுப்பில், யார், எப்படிச் சோதிப்பார்கள், அதன் பிறகு என்ன பயிற்சி தருவார்கள் என்று கேளுங்கள். ‘தானாக வந்துவிடும்’ என்பது மட்டுமே பதிலாக இருந்தால் இன்னொரு ஸ்டைனர் பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.