பங்குப் பள்ளியா, சிபிஎஸ்இ பள்ளியா: இரண்டிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு தாயின் கணக்கு

என் மகன் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது தூத்துக்குடிக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு சிபிஎஸ்இ பள்ளியில். மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் படிப்பது எங்கள் பங்குக் கோயில், அதாவது எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களின் கோயில், வளாகத்திலேயே இருக்கும் ஆர்.சி. தொடக்கப் பள்ளியில். அதைத்தான் பங்குப் பள்ளி என்கிறோம். மூன்றாவதாக, கன்னியர்கள் நடத்தும் ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளி ஒன்றும் நகருக்குள் இருக்கிறது. அதில் என் பிள்ளைகள் யாரும் படிக்கவில்லை. நாத்தனார் மகள் படிக்கிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மே மாதம் வந்தால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் முடிந்ததும் இரண்டு மூன்று தாய்மார்களாவது "எதில் சேர்க்கலாம் அக்கா?" என்று கேட்கிறார்கள். நான் பங்குப் பள்ளியின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மகனுக்குக் கடைசி வருடம் கட்டணம், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய் ஆனது. பங்குப் பள்ளி அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி. கட்டணம் கிடையாது, புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் அரசு தருகிறது. காலை உணவுத் திட்டம் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டிலும் வந்தது. கட்டடம், விளையாட்டுத் திடல், கணினி அறை என்று பார்த்தால் சிபிஎஸ்இ எங்கேயோ முன்னால் நிற்கிறது. சரி, அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பலர் நினைப்பது, பங்குப் பள்ளிக்கு அனுப்பினால் மறைக்கல்வி, அதாவது எங்கள் சமயப் பாடம், கிடைக்கும், அதனால் பிள்ளை பக்தியாக வளரும் என்று. நானும் அப்படி நினைத்துத்தான் சேர்த்தேன். ஆனால் மறைக்கல்வி என்பது அரை மணி நேர வகுப்பு. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறையில் மறைக்கல்வி படிப்பார்கள், மற்றவர்கள் இன்னொரு அறையில் நன்னெறி. மகளின் வகுப்பில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள், இரண்டு பேர் முஸ்லிம்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயக் கல்விக்கு உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவே சொல்கிறது. மெட்ரிக் பள்ளியிலும் இதே இரண்டு வகுப்பும் உண்டு. மகனுக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயிலில் மறைக்கல்வி இருந்தது. ஆக, பாடத்தை வைத்துப் பார்த்தால் மூன்று பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இதை நான் புரிந்துகொண்டது இரண்டு பிள்ளைகளின் புதுநன்மையில், அதாவது அவர்கள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளில்.

மகன் நாலாம் வகுப்பில் புதுநன்மை வாங்கினான். அன்று எடுத்த குழுப் படத்தில் அவன் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் நிற்கும் பையன் பெயர் என்ன என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றான். வாரத்தில் ஆறு நாள் அவனுடைய நண்பர்கள் வேனில் வந்து வேனில் போகிறவர்கள். ஞாயிறு ஒரு மணி நேரம் பார்க்கிற முகங்கள் மனதில் நிற்கவில்லை. வகுப்பறையில் அவன் புதுநன்மை வாங்கியது யாருக்கும் தெரியாது. ஒரு சாக்லேட் டப்பா கொடுத்து அனுப்பினேன். "பர்த்டேவா?" என்று கேட்டார்களாம்.

மகள் வாங்கியபோது அவள் வகுப்பிலிருந்தே ஒன்பது பேர். ஏழு வயதையொட்டிய பிள்ளைகளுக்கும் நற்கருணை கொடுக்கலாம் என்று 1910-இல் திருத்தந்தை (போப்) பத்தாம் பத்திநாதர் சொன்ன காலத்திலிருந்தே இது தொடக்கப் பள்ளி வயதின் திருவிழா. மூன்று மாதம் தயாரிப்பு. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின நாள் ஒன்பது பேரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். ரப்பரை எடுத்தது, ஓணான் என்று பட்டப்பெயர் வைத்தது. அந்த ரப்பர்க்காரியும் அதே வகுப்பு. அவள் இந்துப் பிள்ளை. மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் அவளிடம் போய் மகள் மன்னிப்புக் கேட்டாள். கோயிலில் படித்தது அடுத்த நாளே வகுப்பறையில் செலவானது. என் மகனுக்கு அந்த வாய்ப்பு ஒருநாளும் வரவில்லை. அவன் யாரிடமிருந்து ரப்பர் எடுத்தானோ அந்தப் பையன் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். கரும்பலகையில் கழித்தல் கணக்கு பாதியில் நிற்க, டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே மூவேளை செபம் சொல்வார். மற்றப் பிள்ளைகள் அமைதியாக நிற்பார்கள். முடிந்ததும் கடன் வாங்கிக் கழிப்பது விட்ட இடத்திலிருந்து தொடரும். அதே நேரத்தில் வீட்டில் என் மாமியாரும் அதே செபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்புறம் 2023 டிசம்பர். 17-ஆம் தேதி ஆரம்பித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தூத்துக்குடியில் தெருவெல்லாம் தண்ணீர், நாட்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் இடுப்பளவு. பள்ளிக் கட்டடம் கொஞ்சம் மேடு என்பதால் பங்கு மக்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம். தலைமை ஆசிரியை சிஸ்டர் வருகைப் பதிவேட்டை பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தார். அதைத் திறந்து, ஒவ்வொரு பெயராக வாசித்து, வந்த பிள்ளைக்கு நேராகப் புள்ளி வைத்தார். புள்ளி இல்லாத வீடுகளுக்கு எங்கள் தெரு இளைஞர்கள் படகில் போனார்கள். எந்தப் பிள்ளை எந்தச் சந்தில், எந்த வீட்டில் படுத்த படுக்கையாகத் தாத்தா இருக்கிறார் என்பது வரைக்கும் டீச்சர்கள் சொன்னார்கள். கத்தோலிக்க வீடா இல்லையா என்று அந்தப் பதிவேட்டில் யாரும் பார்க்கவில்லை. மகனுடைய பள்ளியிலிருந்து விடுமுறை என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இருபது ஊரிலிருந்து பிள்ளைகள் வருகிற பள்ளி வேறென்ன செய்ய முடியும்?

இனி பங்குப் பள்ளியின் குறைகள். ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள். ஒரு பணியிடம் நிரப்பப்படாமல் இருந்த இரண்டு வருடமும் பங்கு நிதியிலிருந்து சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்தோம். மூன்றும் நாலும் ஒரே அறையில் நடந்த நாட்கள் உண்டு. ஆங்கிலம் கண்டிப்பாகப் பின்தங்கும். மகள் வாசிப்பாள், எழுதுவாள். பேசச் சொன்னால் தயங்குவாள். அண்ணன் அந்த வயதில் சரளமாகப் பேசினான். வீட்டில் தினமும் இருபது நிமிடம் நான் உட்கார வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் இல்லாத வீடு யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதில் நோவும் இருக்கிறது. பங்குப் பேரவையில் இரண்டு குடும்பம் முறைத்துக்கொண்டால் மறுநாள் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் பேசாமல் உட்காரும். ஒரு வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்தால் அது பிள்ளைக்கு முன்னாலேயே பள்ளிக்குப் போய்ச் சேரும். அந்தக் கூச்சத்தாலேயே பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிய ஒரு வீடு எனக்குத் தெரியும். அவர்கள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மெட்ரிக் பள்ளியைப் பற்றி நான் கொஞ்சமாகத்தான் சொல்ல முடியும். செபம், ஒழுங்கு, ஆங்கிலம் மூன்றும் அங்கே நன்றாக இருப்பதாக நாத்தனார் சொல்கிறாள். ஆனால் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பங்குகளிலிருந்து வருகிறார்கள். வேன் தேவைப்படாத, அந்தப் பள்ளியை ஒட்டியே வீடு உள்ளவர்களுக்கு என் கணக்கு மாறலாம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவப் படிப்பு ஒதுக்கீட்டைச் சொல்லிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது உதவிபெறும் பள்ளிகளுக்குக் கிடையாது, உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்பதைத்தான் அதற்குப் பார்ப்பார்கள். தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க அது ஒரு காரணமே இல்லை.

சேர்க்கைக்கு முன்னால் ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு ஞாயிறு உங்கள் பங்கில் பூசை முடிந்து வெளியே வரும்போது, அந்தப் பள்ளியின் டீச்சர்கள் எத்தனை பேர் கோயில் வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணுங்கள். மகளைச் சேர்ப்பதற்கு முன் நான் எண்ணிய ஞாயிறு எங்கள் பங்கில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் என் மகளைப் பார்த்து, "பாப்பா, ஜூனில் என்கிட்டதானே வரப்போற?" என்று கேட்டார். நாங்கள் அப்போது விண்ணப்பமே வாங்கியிருக்கவில்லை.