ஃபைப்ரோமயால்ஜியாவும் தூக்கமும்: மாத்திரையா, பயிற்சியா?

ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடம்பெங்கும் நாள்பட்ட வலி தரும் நோய். அது உள்ளவர்களின் தூக்கப் பிரச்சினை கொஞ்சம் விசித்திரமானது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரிதான் இருக்கும். கனடாவின் மால்டாஃப்ஸ்கி குழு 1975-ல் ஒரு சோதனை செய்தது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் வேண்டுமென்றே கலைத்தார்கள். அவர்களுக்கும் தசைவலி வந்தது. அதாவது வலி தூக்கத்தைக் கெடுப்பது மட்டுமல்ல, கெட்ட தூக்கமும் வலியைக் கூட்டுகிறது.

நான் முதலில் அமிட்ரிப்டிலின் எடுத்தேன். அப்புறம் சிபிடி-ஐ (CBT-I) என்கிற, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் தூக்கப் பயிற்சிக்கு மாறினேன். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

அமிட்ரிப்டிலின் பழைய மாத்திரை, விலையும் குறைவு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், 10 முதல் 25 மி.கி. வரை தொடங்குவார்கள். படுக்கும்போது போட்டால் மறுநாள் காலை மந்தமாக இருக்கும். ஓரிரண்டு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிட்டால் தேவலை. வாய் உலர்வது, மலச்சிக்கல், எடை ஏறுவது எல்லாம் உண்டு. இதயத்துடிப்புக் கோளாறு, சிலவகைக் கண் அழுத்த நோய், சிறுநீர் தடைபடுவது உள்ளவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான பிரீகபாலினை நான் எடுத்ததில்லை. ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டுவது அதன் பலம், தலைசுற்றலும் கால்வீக்கமும் அதன் தொல்லை. அதற்கு மேல் நான் பேசுவது சரியல்ல. இதற்கே கொடுக்கும் மற்றொரு மாத்திரையான டுலோக்செடின் எடுப்பவர்களில் சிலருக்குத் தூக்கமே குறையும், அவர்கள் காலையில் போட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஸோல்பிடம் மாதிரி தூக்க மாத்திரைகள் தூங்க வைக்கும், ஆனால் வலிக்கு எதுவும் செய்யாது.

சரி, நான் ஏன் மாறினேன்? நிறுத்தினால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்வியால்தான். இந்த நோய் ஆண்டுக்கணக்கில் கூடவே வருவது. ஸோல்பிடத்தை நிறுத்தினால் சில நாட்கள் முன்னைவிட மோசமாகத் தூக்கம் போகலாம். பிரீகபாலினைச் சட்டென்று விட்டால் தூக்கமின்மை, குமட்டல், தலைவலி, வியர்வை என்று வரக்கூடும். குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அமிட்ரிப்டிலினையும் நாமாக ஒரே நாளில் விடக்கூடாது. சிபிடி-ஐயில் இந்தச் சிக்கலே இல்லை. வகுப்புகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் முடிந்துவிடும், பழக்கம் நம்மோடு நிற்கும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்ததும் சும்மா இல்லை.

பயிற்சி கேட்க எளிது, செய்யக் கடினம். தூக்க நாட்குறிப்பு எழுதி, உண்மையில் எத்தனை மணி நேரம் தூங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். ஆறு மணி நேரம் என்றால் படுக்கையில் ஆறு மணி நேரம்தான். ஐந்துக்குக் கீழே இறக்குவதில்லை. படுத்த நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்தால் கால் மணி நேரம் கூட்டலாம். தூக்கம் வராவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குக் கஷ்டமே பகலில்தான். வலித்தால் கட்டிலில் சாய்வது நமக்குக் கைவந்த பழக்கம். அதனால் கட்டில் என்றாலே உடம்புக்கு வலிதான் ஞாபகம் வருகிறது. நான் பகல் ஓய்வை ஹாலில் இருக்கும் ஈஸி சேருக்கு மாற்றினேன். வீட்டில் "முடியலன்னா போய்ப் படேன்மா" என்று சொல்பவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு!

முதல் சில வாரங்கள் வலி கூடியதுபோலத்தான் இருந்தது. இப்போது தூக்கம் தெளிவாகவே தேறியிருக்கிறது, வலி அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்த கொஞ்சமும் பயிற்சியாலா, கூடவே தொடங்கிய நடையாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதில் பயிற்சி பெற்ற உளவியலாளர் பக்கத்தில் கிடைக்காவிட்டால், அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை வெளியிட்ட 'இன்சோம்னியா கோச்' செயலி இலவசம். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு நோயோ, மனநிலை அதீதமாக ஏறி இறங்கும் பைபோலார் நோயோ உள்ளவர்களும், இரவில் வண்டி ஓட்டுபவர்களும் தூக்க நேரத்தைத் தாங்களாகவே குறைக்கக் கூடாது. பலமான குறட்டையோ படுத்ததும் கால் குடைச்சலோ இருந்தால், மாத்திரை பயிற்சி இரண்டுக்கும் முன்னால் தூக்க மூச்சடைப்பையும் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) அளவையும் பார்த்துவிடுங்கள்.