தையலுக்குக் கொஞ்சம் லீவு: மலையகத்து வீட்டில் தையல் அறையைப் புதுப்பிக்க எது ஒத்துவரும்?

தையல் அறையை அழகாக்க இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை வெயில் ஊர்க்காரர்கள் சொன்னவை. துளை போட்ட ஹார்ட்போர்ட்டைச் சுவரில் அடி, நூல்கட்டைகளை நிறவாரியாக மாட்டு, துணியைக் கண்ணாடிக் கதவு அலுமாரியில் அடுக்கு என்பார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ அப்படி ஓர் அறையை அமைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. ஹார்ட்போர்ட் உப்பி வளையும். மடித்து வைத்த துணியில், மடிப்பு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் புள்ளி விழும். அதனால் எந்த இரண்டு வழியை எடுத்து ஒப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஈரம் ஏறினால் இது என்ன ஆகும்? அழகும் செலவும் அப்புறம்.

முழுசாக நிறுத்துவதா, தைத்துக்கொண்டே செய்வதா?

வீட்டிலிருந்து தைத்துச் சம்பாதிப்பவர்களுக்கு இதுதான் முதல் தலைவலி. தைத்துக்கொண்டே வாரம் ஒரு மூலையை ஒழுங்கு செய்தால் கைக்காசு வருவது நிற்காது. "அக்கா தைக்கிறத விட்டுட்டாங்களாம்" என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பேச்சும் கிளம்பாது. நூல் பிரிப்பது, அலுமாரியை ஒதுக்குவது, லைட் மாற்றுவது போன்ற வேலைகளுக்கு இந்த வழி தாராளமாகப் போதும்.

சுவர், கூரை, தரை மூன்றில் ஒன்றைத் தொடுவதாக இருந்தால் கதை வேறு. பூஞ்சணம் பிடித்த சுவரைச் சுரண்டினால் அதன் தூள் அறை முழுக்கப் பறந்து துணிமேல்தான் போய் உட்காரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வெள்ளைச் சீருடைத் துணி மேசையில் கிடந்தால் முடிந்தது. கையிலுள்ளதை எல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, அறையைக் காலி செய்து, பத்துப் பதினைந்து நாள் ஒரேயடியாக நிறுத்துவதே மேல்.

எந்த மாதத்தில் என்பதில் மலையின் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஹட்டன், நோர்வுட், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதற்குப் பிறகும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை விடாது. நம்பிச் சுவரில் கை வைக்கக்கூடிய காய்ந்த காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான். மார்ச் பிறந்தாலோ சித்திரைப் புத்தாண்டுத் துணி வரத் தொடங்கிவிடும். ஆக, பொங்கலுக்கும் பெப்ரவரி கடைசிக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியைத்தான் பிடிக்க வேண்டும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை என்ற ஊவாப் பக்கத்துக்கு மழையைக் கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அங்கே வரட்டுக் காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் வருவதும் அந்தக் காற்றில்தான். அந்த மாதங்களில் பெரிய பண்டிகையும் இல்லை. தோட்டத்தில் கொடுக்கும் தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதானே துணிப்பையோடு ஆட்கள் வரிசை கட்டுவார்கள். இந்த விஷயத்தில் ஊவாக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி காய்ந்த மாதம் என்று பெயர்தான். 1,868 மீற்றர் உயரத்தில் சில விடியற்காலைகளில் புல்மேல் உறைபனி படியும். அந்தக் குளிரில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கி, பின்னேரம் மூன்று மணிக்குள் தூரிகையைக் கழுவி வைத்துவிடுவது நல்லது.

இஸ்தோப்பா, உள்காம்பராவா?

லயத்து வீட்டில் தையல் மெஷின் பெரும்பாலும் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில்தான் இருக்கும். காரணமும் நியாயமானதுதான். வெளிச்சம் அங்கேதான் உண்டு, அளவு கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆனால் மிஸ்ட் இறங்கும் நாளில் மெஷினின் தலையைத் தொட்டால் கை நனையும். உள்காம்பராவில், அதாவது உள்ளறையில் மிஸ்ட் இல்லை, ஆனால் ஜன்னலும் பல வீடுகளில் இல்லை. பின்பக்க அடுப்பிலிருந்து விறகுப் புகை வந்து வெள்ளைத் துணியை ஒரு மாதத்தில் பழுப்பாக்கிவிடும்.

இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யாமல் பிரித்துக்கொள்வதுதான் என் கட்சி. மெஷின் பகலில் இஸ்தோப்பில், துணியும் நூலும் எப்போதும் உள்ளே. கால் மெஷினின் இரும்புச் சட்டத்துக்குச் சின்னச் சக்கரம் பூட்டிக்கொண்டால் பொழுது சாய்ந்ததும் உள்ளே தள்ளிவிடலாம். 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அங்கே தனி அறை கிடைத்தால், சமையலறையோடு சுவரைப் பகிராத அறையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். தகரக் கூரை ஒழுகாவிட்டாலும் வேர்க்கும். இரவில் தகரம் குளிர்ந்து, உள்ளே இருக்கிற சூடான ஈரக்காற்று அதில் பட்டுத் துளித்துளியாகக் கோத்து, விடியும்போது சொட்டும். காலையில் தரையில் வரிசையாக ஈரப்பொட்டு தெரிகிற இடத்தில் வெட்டுமேசையைப் போடாதீர்கள். சீலிங் அடிக்கக் காசு இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

சுண்ணாம்பா, எமல்ஷனா?

எமல்ஷன் பார்க்க நன்றாக இருக்கும், ஈரத்துணியால் துடைக்கலாம், துணியில் ஒட்டாது. பழைய லயத்துச் சுவரில் அதை அடித்தால்தான் சிக்கல். நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெயின்ட்டுக்குப் பின்னால் தேங்கி, முழங்கால் உயரத்தில் கொப்புளம் கட்டி, உரிந்து விழும். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது, சுவர் காய விடும். அதன் காரத்தில் பூஞ்சணம் லேசில் பிடிக்காது, விலையும் குறைவு. குறை ஒன்றே ஒன்று: உரசினால் ஒட்டும். கறுப்பு கவுன் துணியை அந்தச் சுவரில் சாய்த்துப் பாருங்கள், தோள் முழுக்க வெள்ளை.

பழைய கல்லுச்சுவர் என்றால் நான் சுண்ணாம்புக்குத்தான் வாக்களிப்பேன். மேசை உயரத்தில் மட்டும் ஒரு பலகையைச் சுவரோடு ஒட்டாமல் விரலளவு விலக்கி அடித்துவிட்டால் துணி சுவரைத் தொடாது. புது புளொக்கல் சுவர் என்றால் எமல்ஷன் சரி, ஆனால் அடிக்கும் முன் சீமெந்துப் பூச்சு காய நாலு வாரமாவது விட வேண்டும். எதை அடித்தாலும் முதலில் பூஞ்சணத்தைக் காய்ந்தபடி தேய்க்காமல், பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். பிளீச்சோடு வினாகிரியோ வேறு கழுவும் திரவமோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

அலுமாரி, பெட்டி, திறந்த தட்டு

பணம் வீணாகப் போவது இங்கேதான். கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது இரும்பு அலுமாரி. எலி நுழையாது, பூட்டலாம். ஆனால் குளிர்ந்த வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் பின்தகடு தகரக் கூரையைப் போலவே உள்பக்கம் வேர்க்கும். கடைசி வரிசைத் துணிதான் முதலில் கெடும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. மர அலுமாரி கொஞ்சம் ஈரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், அதனால் உடனே சொட்டாது. ஆனால் மழைக்காலத்தில் கதவு இறுகும், மலிவான பலகை என்றால் அடி உப்பும். எந்த அலுமாரியானாலும் உள்சுவர்ப் பக்கமாக, மூன்று நாலு அங்குலம் விலக்கி, காலுக்குக் கீழே செங்கல் கொடுத்து வையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

மூடியிறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள்: அதில் வைத்தால் துணி பத்திரம் என்பார்கள், புழுங்கிப்போகும் என்பார்கள். இரண்டும் உண்மை. நன்றாகக் காய்ந்த நாளில், வெயில் காட்டிய துணியை ஆறவைத்து உள்ளே வைத்து மூடினால் அடுத்த மழைக்காலம் முழுக்க அப்படியே இருக்கும். மழைநாளில் வைத்து மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். பழைய தேயிலைப் பெட்டியின் சூத்திரமும் இதுதான். உள்ளே பளபளவென்று உலோகத்தாள் ஒட்டியிருப்பது ஈரம் உள்ளே போகாதிருக்கத்தான். அடிக்கடி எடுக்காத சேலைத்துணி, லைனிங், விலையுயர்ந்த லேஸ் எல்லாம் பிளாஸ்டிக் பெட்டிக்கு. தினமும் கை போகிற துணிக்குத் திறந்த மரத்தட்டும் மேலே ஒரு பழைய சேலைத் திரையும் போதும். காற்று நடமாடும், புகைத்தூசி விழாது.

நூலில் இவ்வளவு கவலை வேண்டாம். பொலியெஸ்டர் நூல் ஈரத்துக்கு மக்காது, திறந்த தாங்கியில் இருக்கலாம், வெயில் நேராக அடிக்காமல் பார்த்தால் சரி. பருத்தி நூலை மட்டும் மூடி வையுங்கள். கவனிக்க வேண்டியது ஊசியும் குண்டூசியும். பஞ்சு அடைத்த ஊசிமெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதில் ஒரு மழைக்காலம் குத்தியிருந்த குண்டூசியை உருவி வெள்ளைத் துணித்துண்டில் ஒருமுறை நுழைத்து எடுங்கள். துளையைச் சுற்றி மெல்லிய தவிட்டு நிற வளையம் தெரியும். கழுவினாலும் லேசில் போகாது. அதற்குப் பதில் மூடியுள்ள தகரடப்பி, உள்ளே ஒரு சின்னக் காந்தம். மலிவும் அதுதான், நல்லதும் அதுதான்.

ஈரத்தை இழுக்க எது?

காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பாருங்கள். எதை வாங்குவது என்ற பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அலுமாரிக்குள் குண்டு பல்ப் எரியவிடுவது பழைய வழி. வேலை செய்யும். ஆனால் துணியும் சூடான பல்ப்பும் ஒரே பெட்டிக்குள் இருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது, எல்.ஈ.டி. பல்ப் போட்டால் சூடும் வராது, பயனும் இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் பெட்டிக்கும் ஊசி டப்பிக்கும் நல்லது, சூடுகாட்டித் திரும்பப் பாவிக்கலாம், பெரிய அலுமாரிக்குக் காணாது. சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் டப்பா வேகமாக இழுக்கும். உள்ளே இருப்பது கல்சியம் குளோரைட், இழுத்த ஈரம் அடியில் தண்ணீராகச் சேரும். அது கவிழ்ந்தால் துணி கெடும், இரும்பில் பட்டால் துரு பிடிக்கும். அதனால் கீழ்த்தட்டின் மூலையில் மட்டும். மெஷினுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கரன்ட்டில் ஓடும் ஈரநீக்கி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கொம்பிரஸர் வகை பண்டாரவளைக்குச் சரிவரும், நுவரெலியாக் குளிரில் அதன் சுருள் உறைந்து வேகம் குறைந்துவிடும். அங்கே ஈரமுறிஞ்சும் சக்கரம் வைத்த வகைதான் தோது, ஆனால் அது கரன்ட்டைக் குடிக்கும். துணிக்கடை அளவுக்குச் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு, வெயிலடிக்கும் நாளில் பத்து மணிக்குக் கதவைத் திறந்து, மிஸ்ட் இறங்குமுன் மூடுகிற பழக்கம் போதும்.

தரையும் லைட்டும்

பிளாஸ்டிக் தரைவிரிப்பு கால் குளிரைக் குறைக்கும், ஆனால் ஈரச் சீமெந்துமேல் ஒட்டினால் அடியில் கறுத்துப்போகும். ஒட்டாமல் விரித்து, மாதம் ஒருமுறை சுருட்டிக் காயவையுங்கள். சிவப்பு பொலிஷ் போட்ட தரை வீட்டுக்கு லட்சணம், தையல் அறைக்கு எதிரி. தரையில் விரித்து வெட்டிய வெள்ளைத் துணி அதை நன்றாகவே சொல்லும். லைட்டில் மஞ்சள் பல்ப்பின் கீழ் நேவி நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகத் தெரியும். 6500 கெல்வின் (லைட்டின் நிறத்தைச் சொல்லும் எண்) வெள்ளை லைட் அதைப் பிரித்துக் காட்டும், ஆனால் இரவு முழுக்கக் கண்ணுக்குக் கூசும். அறைக்கு 4000 கெல்வின், ஊசிக்கு மேலே வளையும் கழுத்துள்ள சின்ன வெள்ளை லைட். இப்படித்தான் நான் போடுவேன்.

லீவில் மெஷினை என்ன செய்வது?

துணி போட்டு மூடி மூலையில் தள்ளுவது ஒரு வழி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. சுவர் வேலை நடக்கும்போது மூடத்தான் வேண்டும், ஆனால் பிளாஸ்டிக் உறையால் அல்ல, பருத்தித் துணியால். அதற்கு முன் பொபின் பெட்டியில் சேர்ந்த பஞ்சைத் தூரிகையால் எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, துணித்துண்டு ஒன்றைப் பாதத்துக்குக் கீழே வைத்துக் கொஞ்சம் ஓட்டிவிட வேண்டும். சமையலறைத் தேங்காயெண்ணெய் கிட்டவே வரக்கூடாது. நம் குளிரில் போத்தலிலேயே கட்டியாகிற சாமான் அது. மெஷினுக்குள் பிசின் பிடித்து, திரும்பத் தைக்க உட்காரும்போது சக்கரம் அசையாது. கால் மெஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி வையுங்கள். ஈரத்தில் அது தளர்ந்திருந்தால் திரும்பப் பூட்டும்போது ஓர் அங்குலம் வெட்டிக் கோர்க்க வேண்டிவரும்.

வெட்டுத்துணி மூட்டைகளைப் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. கட்டிலுக்கடியில் கட்டி வைத்த மூட்டைதான் பல வீடுகளில் பூஞ்சணத்தின் தாய்வீடு. சாணளவுக்கு மேல் உள்ளதைத் துவைத்து, காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். மீதி கால்மிதிக்கும் தலையணைக்கும்.